மாணவி எண் 0471

ஜூலை 3, திங்கள்

இந்த வருட டைரியில் கோடுகளை மிக மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

ஆறு மாதம் சும்மா கிடந்த டைரியை இன்று எடுக்கக் காரணம் உண்டு. காலையில் பதிவாளர் பெனிட்டா மோத்தா வந்தாள். என்னிடம் புள்ளியியல் படித்தவள். பதிவாளர் ஆன பிறகும் என் முன்னால் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறாள். அது சரிதான்.

எங்கள் மகளிர் பல்கலைக்கழகத்தில் பாடக்குறிப்பு, ஒப்படைப்பு, வாரத் தேர்வு எல்லாம் இணையத்தில் ஒரு தளத்தில் நடக்கின்றன. 'பலகை' என்று அதற்குப் பெயர். திறந்த மூல மென்பொருளில் செய்தது. அதாவது யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. கணினி மையத்தில் இசக்கியம்மாள் என்கிற ஒப்பந்த ஊழியர் பதினாறு வருடமாக அதை நடத்திவருகிறார். இப்போது சென்னையிலிருந்து ஒரு கம்பெனி தன் கட்டணத் தளத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இந்தப் பருவம் இரண்டும் அருகருகே ஓடும். ஆகஸ்ட் 10ஆம் தேதி, நானும் உறுப்பினராக இருக்கும் ஆட்சிக்குழு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். கம்பெனித் தளம் வந்தால் கணினி மையத்தின் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். இசக்கியம்மாளின் ஒப்பந்தமும் அன்றோடு சரி.

"குழுவுல பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம், மிஸ். நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் நிக்கும்," என்றாள் பெனிட்டா.

இலவசமாகக் கிடைப்பதற்குப் பதில் சொல்ல ஆள் யார் என்பது என் கேள்வி. அதை ஒளிக்காமல் சொன்னேன். ஆனாலும் பன்னிரண்டு வருடம் தேர்வாணையராக இருந்தபோது, எந்த வினாத்தாளையும் ஒரு மாணவியைப் போல உட்கார்ந்து எழுதிப் பார்க்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. இதற்கும் அதே முறைதான். முதலாண்டுப் புள்ளியியல் வகுப்பில் இரண்டு தளத்திலும் என்னை மாணவியாகச் சேர்க்கச் சொன்னேன். பெயர் மேரி. எண் 0471. யாருக்கும் தெரியக்கூடாது, கணினி மையத்துக்கும்கூட.

"பெயர்ப் பட்டியல் ஆபீஸ்லருந்துதான் போகும் மிஸ். அறுநூறு பேர்ல ஒண்ணு. தெரியாது."

மாலையில் ஹால் பல்பை மாற்றச் சொன்னேன். சமைக்க வரும் புஷ்பம், "முந்தாநேத்துதானம்மா மாத்துனோம்," என்றாள். இப்போதைய பல்புகளில் வெளிச்சம் எங்கே இருக்கிறது.

ஜூலை 6, வியாழன்

கம்பெனித் தளத்தின் செய்முறை விளக்கம். கொண்டுவந்தவர் ரகுவீர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். எனக்குப் பிடித்தது. தளம் மிக அழகு. நல்ல கான்வென்ட் வரவேற்பறை போல ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறது. நம் பலகை அதன் பக்கத்தில் ரேஷன் கடை அட்டை மாதிரி தெரிந்தது.

பிறகு கணினி மையம் போனேன். இசக்கியம்மாளுக்கு நாற்பத்துநான்கு வயது இருக்கும். செருப்பை வாசலில் விடச் சொன்னாள். உள்ளே இரண்டு பெரிய இயந்திரங்கள், அவற்றின் தலைக்கு மேல் ஒரு கயிற்றில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும்.

"கணினிக்கு இது எதற்கு?" என்றேன்.

"உள்ள ஒரு காவல் போட்ருக்கேன் மேடம். இது வெளிக்காவல்."

சிரிக்காமல் சொன்னாள். நானும் சிரிக்கவில்லை. கம்பெனி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"முள்ளக்காட்டுல எங்க அண்ணன் உப்பளத்துல இருக்கான். குடைய பிடிச்சுக்கிட்டு நின்னு ஆளுகள வேல வாங்கலாம். வெயிலு மட்டும்தான் கூட." இதைச் சொல்லும்போது இயந்திரத்தின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கே தூசி இல்லை.

ஜூலை 10, திங்கள்

முதல் வாரத் தேர்வு. ஒரே வினாத்தாளை இரண்டு தளத்திலும் எழுதினேன். இரண்டிலும் பத்துக்கு ஏழு. புள்ளியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவளுக்கு ஏழு! வினா அமைத்தவர் விடைக்குறிப்பில் மூன்று பிழை செய்திருக்கிறார். அறிக்கையில் சேர்க்க வேண்டும். நேரம் ஐம்பது நிமிடம் ஆனது. அவசரமாக எழுதுவது எனக்குப் பழக்கமில்லை.

அரிசியில் கல். கடையை மாற்றச் சொன்னேன். "நீங்கதானம்மா இன்னைக்குக் கல்லு பொறுக்கிக் குடுத்தீங்க," என்றாள் புஷ்பம். வாய் அதிகம்.

ஜூலை 13, வியாழன்

வாசல் கிரில் நடுவில் வளைந்திருக்கிறது. நாற்பது வருடமாக இருக்கும் கிரில், எப்போது வளைந்ததோ. வெல்டிங் ஆளை வரச் சொன்னேன். நூல் பிடித்துக் காட்டி, "நேராத்தான் இருக்கு பாட்டிம்மா," என்று வாதிட்டான். கோணலை நேர் என்கிறவனிடம் என்ன பேசுவது. அனுப்பிவிட்டேன்.

நெத்திலி வேண்டாம், இனிமேல் சீலா மீனே வாங்கு என்று புஷ்பத்திடம் சொன்னேன். நெத்திலியில் இப்போதெல்லாம் முள் அதிகம்.

ஜூலை 17, திங்கள்

ஆறு.

கம்பெனித் தளம் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறது. 'பின்தங்கும் மாணவி' என்று பொருளாம். 'உங்கள் பெற்றோருக்குத் தகவல் அனுப்பப்படும்' என்றும் ஒரு வரி. அப்பாவும் அம்மாவும் சின்னக்கோயில் கல்லறையில் இருக்கிறார்கள். அனுப்பட்டும்.

எழுத்தை இன்னும் பெரிதாகவும் அழுத்தமாகவும் காட்டினால் பிள்ளைகளுக்கு வசதி என்று 0471 பெயரில் கம்பெனிக்கு எழுதினேன். எனக்காக அல்ல. நான்கே நிமிடத்தில் பதில் வந்தது: 'தங்கள் மேலான யோசனைக்கு நன்றி. அதை எங்கள் வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்.' மரியாதையான பதில். வேகமும் மெச்சத்தக்கது.

ஜூலை 18, செவ்வாய்

இன்று பலகையில் 0471-க்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. அப்படியே எடுத்து எழுதுகிறேன், ஒரு நாள் இதைக் காட்டிக் கேட்க வேண்டி வரலாம்.

'ஏட்டி மேரி, நான் கணினி மையத்து இசக்கி. உன் ரெண்டு டெஸ்டையும் பாத்தேன். நீ போட்ட வழி எல்லாம் சரி, ஒண்ணுகூட தப்பில்ல. ஆனா கேள்வியில 8 இருக்க எடத்துல நீ 3ன்னு எடுத்துப் போடுத. 6ஐயும் 5ஐயும் மாத்துத. ஒவ்வொரு பக்கத்துலயும் மத்தவளுக விட நாலு மடங்கு நேரம் நிக்க. உனக்குக் கணக்கு வராம இல்ல பிள்ள, கண்ணு தெரியல. வீட்ல சொன்னியா? சொல்லலன்னா சொல்லு. அதுல வெக்கப்பட என்ன இருக்கு? நான் இங்க ஒரு வேல பாத்து வைக்கேன். வெள்ளிக்கிழம தொறந்து பாரு.'

ஏட்டி!

அறுபத்தெட்டு வருடமாக, மதர் பெனடிக்டாவின் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து, என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் கணவர் இஞ்ஞாசி இருந்தவரை அவர்கூட 'ஹில்டா' என்று முழுப் பெயரைத்தான் சொல்வார். பல்கலைக்கழகத்தின் ஊழியர் ஒருவர் ஒரு மாணவிக்கு இப்படியா எழுதுவது? நடை, மரியாதை, தொனி, எல்லாம் பிழை. கண்டித்து எழுத வேண்டும்.

விடைக்குறிப்பை மறுபடி போட்டுப் பார்த்தேன். 38 என்று இருக்கிறது. நான் 33 என்று எடுத்திருக்கிறேன். கவனக்குறைவு.

ஜூலை 19, புதன்

பலகையைத் திறக்கவில்லை.

ஜூலை 21, வெள்ளி

திறந்தேன். ஆட்சிக்குழு உறுப்பினர் என்ற முறையில் பார்க்க வேண்டியது கடமை.

கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் உயரம். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்விதான். மூலையில் ஒரு ஒலிபெருக்கிப் படம், அதைத் தொட்டால் கேள்வியை ஒரு குரல் படிக்கிறது. எண்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்கிறது: 'மூன்று. எட்டு. முப்பத்தெட்டு.' இயந்திரக் குரல் என்று நினைத்தேன். இரண்டாவது முறை கேட்டபோது தெரிந்தது, இசக்கியே பேசிப் பதிந்திருக்கிறாள். பின்னால் மின்விசிறி சத்தமும், யாரோ "டீ வேணுமாக்கா?" என்று கேட்பதும் இருக்கிறது.

பெனிட்டாவுக்கு போன் செய்து, பலகையில் எழுத்து பெரிதாகிவிட்டதா என்று பொதுவாகக் கேட்டேன். "இல்லையே மிஸ், எப்பவும்போலத்தான்," என்றாள்.

ஆக, அறுநூறு பேரில் ஒரு பெண்ணுக்காக மட்டும் மூன்று நாளில் செய்திருக்கிறாள். யாரும் கேட்காமல். யாரிடமும் அனுமதி வாங்காமல். விதிப்படி அது தவறு என்று குறித்துக்கொள்கிறேன். அதுபோன்ற வேலையை என் முப்பத்தாறு வருடப் பணியில் நான் பார்த்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 24, திங்கள்

பலகையில் பத்துக்குப் பத்து. பதினொரு நிமிடம். கம்பெனித் தளத்தில் ஆறு.

ரகுவீருக்கு போன் செய்து, குறிப்பிட்ட ஒரு மாணவிக்கு மட்டும் தளத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். நேர்மையான பதில் சொன்னார். "முடியாது மேடம். நூறு காலேஜ் ஓடுது, எல்லாத்துக்கும் ஒரே அச்சுதான். நான் நெனைச்சாலும் உள்ள கைவைக்க முடியாது. பூட்டு எங்க ஹெட் ஆபீஸ்ல இருக்கு." கட்டணம் வாங்குகிறவரிடம் சாவி இல்லை. கட்டணம் இல்லாததில் சாவி ஒரு ஒப்பந்த ஊழியரின் இடுப்பில் தொங்குகிறது. முதல் நாள் நான் கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் வருமென்று எதிர்பார்க்கவில்லை.

மேரியாக இசக்கிக்கு இரண்டு வரி எழுதினேன். 'மிக்க நன்றி. என் பார்வை பற்றித் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.' மேரிக்குப் பொருந்தும்படி எழுதியது.

உடனே பதில்: 'யார்ட்டயும் சொல்ல மாட்டேன், எங்க அம்மன் மேல சத்தியம். ஆனா நீ டாக்டர்ட்ட போவணும். போவலன்னா உனக்கும் எனக்கும் சண்ட.'

ஜூலை 25, செவ்வாய்

காலை ஒன்பதிலிருந்து பலகை நின்றுவிட்டது. விசாரித்தால் இசக்கி ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, நேற்று மாலையே போய்விட்டாளாம். போன் எடுக்கவில்லை. மேள சத்தத்தில் எங்கே கேட்கும். நாள் முழுக்க ஒரு பிள்ளையாலும் எதையும் திறக்க முடியவில்லை.

ஒரு பல்கலைக்கழகமே ஒருத்தியின் கையில் இருக்கக்கூடாது. இதை அறிக்கையில் எழுதுவேன். அவள்மேல் எனக்கு மதிப்பு வந்துவிட்டது என்பதற்காக மறைக்க மாட்டேன்.

ஜூலை 26, புதன்

நெற்றியில் மஞ்சள் அழியாமல் இசக்கி வந்து நின்றாளாம், பத்து நிமிடத்தில் சரி செய்தாளாம்.

மாதா கோயில் கொடியேற்றம். கூட்டத்தில் என் பழைய சிநேகிதி திருமதி ரோச் என்னைப் பார்த்தும் பேசாமல் நின்றுகொண்டிருந்தாள் என்று புஷ்பம் சொன்னாள். என் கண்ணில் அவள் படவே இல்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஆகஸ்ட் 7, திங்கள்

மீண்டும் பத்து. போன வாரமும் பத்து. கம்பெனித் தளத்தில் ஐந்து, சிவப்புப் பொட்டு.

மேரி மருத்துவரிடம் போனாளா என்று இசக்கி கேட்டிருக்கிறாள். திருவிழா முடிந்ததும் போவதாக மேரி பதில் எழுதினாள். திருவிழா சனிக்கிழமையே முடிந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

அறிக்கை எழுதி முடித்தேன். கம்பெனித் தளம்: அழகு, ஒழுங்கு, பொறுப்பான பதில். பலகை: அழகில்லை, ஒருவரை நம்பி இருக்கிறது, ஜூலை 25 நின்றது. ஆனாலும் பலகையைப் பரிந்துரைக்கிறேன், ஏனெனில்...

'ஏனெனில்' என்பதற்குப் பிறகு நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். அதை எழுதினால் 0471 யார் என்று எழுத வேண்டும். அவளுக்கு என்ன குறை என்று எழுத வேண்டும். ஆட்சிக்குழுவில் பாதிப் பேர் என் மாணவிகள். 'மிஸ்ஸுக்குக் கண்ணு போச்சாம்' என்று மத்தியானத்துக்குள் ஊர் பேசும். அடுத்த கூட்டத்தில் யாராவது எனக்குக் கை கொடுத்துப் படியேற்றுவார்கள்.

'ஏனெனில் அதை நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்' என்று முடித்தேன். பொய்யில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கூட்டம் பதினோரு மணிக்கு. என் அறிக்கையை பெனிட்டா வாசித்தாள். கடைசி வரியைக் கேட்டு, வணிகவியல் துறைத் தலைவர் ஆரோக்கியசாமி, "எதுக்கு மேடம் மாத்தணும்? நல்லாருக்கிறத வாங்கிட்டா மாத்தவே வேண்டாமே," என்றார். நியாயமான கேள்வி. நான் கைக்குட்டையை மடித்தேன்.

அடுத்து ரகுவீர் பேசினார். ஒரு தாளைத் திரையில் போட்டார். "ஒரு உதாரணம் மட்டும். மாணவி எண் 0471. ரெண்டாவது வாரமே இவங்க பின்தங்கறாங்கன்னு எங்க தளம் சிவப்புல காட்டிருச்சு. பலகையில அந்த மாதிரி எந்த எச்சரிக்கையும் இல்ல."

பக்கத்தில் இருந்த ஆரோக்கியசாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "இருங்க, இருங்க. அதே பிள்ளை பலகையில மூணு வாரமா பத்துக்குப் பத்து. இங்க அஞ்சு, ஆறு. பதினோரு நிமிஷத்துல பத்தா? அப்ப பலகையில காப்பி அடிக்கலாம்னு அர்த்தம். அந்தப் பிள்ளைய கூப்பிட்டு விசாரிக்கணும்."

துணைவேந்தர் கதவோரம் நின்ற இசக்கியைப் பார்த்தார். "ஏம்மா, இந்தப் பொண்ணு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். அது காப்பி அடிக்கல."

"பின்ன எப்படி?"

"அத நான் சொல்ல முடியாது சார்."

"ஏன் முடியாது?"

"அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியசாமி, "இவங்ககிட்டயா சார் தேர்வு ரகசியத்த விட்டுருக்கோம்?" என்றார். துணைவேந்தர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. அவர் பேனாவை மூடினால் முடிவெடுத்துவிட்டார் என்று பொருள். இசக்கி தலையைக் குனியவில்லை. கதவோரம் அந்த நிழல் நிமிர்ந்தே நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுடைய வேலை அவளிடம் இருக்கும். பார்த்தே இராத ஒரு பெண்ணின் வெட்கத்துக்காக அவள் அதைச் சொல்லவில்லை. அந்த வெட்கத்துக்குச் சொந்தக்காரி நான் மூன்றாவது நாற்காலியில், கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தேன்.

"0471 நான்தான்," என்றேன்.

ஒருவருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "மாணவி மேரி என்று யாரும் இல்லை. இரண்டு தளத்தையும் சோதிக்க நான் வைத்துக்கொண்ட பெயர். கம்பெனித் தளம் எனக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்தது. இவர், நான் யாரென்றே தெரியாமல், எனக்குக் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல் அந்தத் தளத்தைத் திறந்து என் கண்ணுக்கு ஏற்றபடி மாற்றினார். ரகுவீர் நல்ல மனிதர், அவர் நினைத்தாலும் இது முடியாது. அவரே என்னிடம் சொன்னார்." கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். "எனக்கு 8க்கும் 3க்கும் வித்தியாசம் தெரிவதில்லை. இந்த மேசையில் எதிரே இருப்பவர்களை நான் குரலை வைத்துத்தான் அடையாளம் காண்கிறேன். ஆரோக்கியசாமி, பன்னிரண்டு வருடம் இந்தப் பல்கலைக்கழகத்தில் காப்பியைப் பிடித்தவள் நான். என்னை விசாரிக்க வேண்டுமென்றால் விசாரிக்கலாம்."

"ஐயோ மேடம்!" என்று அவர் எழுந்தே விட்டார்.

ரகுவீர் தன் தாளைத் திரையிலிருந்து எடுத்துவிட்டு, "மேடம் சொன்னது உண்மைதான் சார்," என்றார். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு என் அறிக்கையின் கடைசி வரியை நானே திருத்திச் சொன்னேன். பலகை தொடரலாம், ஆனால் நிபந்தனையோடு. இசக்கியம்மாளின் பணி நிரந்தரமாக வேண்டும். அவர் கீழே இரண்டு பேர் வேண்டும். அவர் தலையில் இருப்பது அத்தனையும் எழுத்தில் வர வேண்டும். கொடைக்கு அவர் நிம்மதியாகப் போக வேண்டும், பலகை நிற்கக்கூடாது. துணைவேந்தர் பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது இசக்கி தூணோடு தூணாக நின்றாள். முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

"மேடம்... நான் உங்கள ஏட்டின்னுல்லா எழுதிட்டேன்!"

"ஆமாம். இரண்டு முறை 'பிள்ளை' என்றும் எழுதியிருக்கிறாய்."

"ஒரு தடவதான் மேடம்," என்றாள். சரிபார்த்தேன். ஒரு முறைதான்.

படியில் இறங்கும்போது அவள் கை கொடுக்கவில்லை. ஒரு படி முன்னால் இறங்கி, "இதோட ஆறு படி இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.

ஆகஸ்ட் 12, சனி

கண் மருத்துவர். கட்டம் போட்ட ஒரு தாளைக் காட்டினார். நடுவில் கோடுகள் எல்லாம் வளைந்திருந்தன, வாசல் கிரிலைப் போல. தாளில் அவை நேராக இருக்கின்றனவாம். விழித்திரையின் நடுப்பகுதி பழுது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற ஊசி போடலாம். அதுவரை சொட்டு மருந்து. ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். திருவிழா என்றேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கீழ்க்கண்டவர்கள் மீது இந்த டைரியில் நான் சொன்ன குற்றங்களைத் திரும்பப் பெறுகிறேன்: பல்புக் கம்பெனி, அரிசிக்கடை, வெல்டிங் ஆள், விடைக்குறிப்பு எழுதியவர், நெத்திலி. திருமதி ரோச்சிடம் பூசை முடிந்து நேரிலேயே சொல்லிவிட்டேன். நான் தன்னைக் கண்டும் காணாமல் போனதாக பதினெட்டு நாளாக அவள் அழுதிருக்கிறாள்.

டைரியின் கோடுகள் மேல் புஷ்பம் ஸ்கேல் வைத்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டுத் தந்தாள். பக்கத்துக்கு எட்டு வரி. நன்றாகத் தெரிகிறது. டைரிக் கம்பெனி மேலும் குற்றமில்லை. கோடு போட்டுக்கொண்டே, "இத போன மாசமே செஞ்சிருக்கலாம்லாம்மா?" என்றாள். செய்திருக்கலாம்.

பலகையில் நேற்றே ஒரு செய்தி வந்திருந்தது. 'மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, வணக்கம். சோதனைக்காகத் தொடங்கப்பட்ட 0471 என்ற கணக்கை நீக்கிவிடலாமா என்பதைத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, இசக்கியம்மாள்.' நடை, மரியாதை, தொனி, எல்லாம் சரி. எனக்குப் பிடிக்கவில்லை.

பதில் எழுதினேன். 'நீக்க வேண்டாம். மேரி மருத்துவரைப் பார்த்துவிட்டாள், சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். அவளுக்கு இந்தப் பருவத்தில் இன்னும் ஒன்பது தேர்வு இருக்கிறது. அவளுக்கு முன்பு எழுதியபடியே எழுதவும். இது ஆட்சிக்குழு உறுப்பினரின் உத்தரவு.'

மத்தியானம் வரை பதில் இல்லை. நான்கு மணிக்கு வந்தது. ஒலிபெருக்கியைத் தொட்டேன், அவள் குரலிலேயே இருந்தது.

'சரிட்டி மேரி. நாளைக்கு டெஸ்ட்டு, மறந்துராத. சொட்டு மருந்து விட்டியா?'

விட்டேன்.